பாட்டியை விழுங்கிய ஓநாய்க்கு யார் வேலை கொடுத்தது?

[திரையில்: லொடலொடக்கும் பழைய கார். ஓட்டுநர் இருக்கையில் ஒல்லியான, சிரிக்காத முதியவர்.]

வணக்கம். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் பாட்டியை ஒரு ஓநாய் விழுங்கியதே, நினைவிருக்கிறதா? அது இப்போது நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறது. அங்கே இன்னொரு பாட்டிக்குக் கார் ஓட்டுகிறது!

'சிஸ்டர்ஸ் கிரிம்' என்ற நாவல் வரிசையின் முதல் பாகத்தில் நெடுந்தூரம் போன பிறகுதான் இது வாசகருக்குத் தெரியவரும். நான் அரை நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டேன், மன்னியுங்கள். உண்மையான குற்றவாளி யார் என்பதை மட்டும் நகத்தைப் பிடுங்கினாலும் சொல்ல மாட்டேன்.

[தலைப்பு இசை.]

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் பக்லி எழுதிய 'சிஸ்டர்ஸ் கிரிம்' நாவல் வரிசை இது. 2005இல் தொடங்கி, 2012இல் ஒன்பதாவது நூலோடு முடிந்தது. சப்ரினா, டாஃப்னி என்று இரண்டு சிறுமிகள். பெற்றோர் காணாமல் போனதால் காப்பகத்தில் வளர்ந்தவர்கள். இறந்துவிட்டதாக நினைத்திருந்த ரெல்டா பாட்டியிடம் வந்து சேர்கிறார்கள். பாட்டியின் தொழில் துப்பறிவது. முதல் வழக்கு, தரையோடு தரையாக நசுங்கிக் கிடக்கும் ஒரு பண்ணை வீடு. போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஊரின் வரைபடம். சுற்றிலும் ஒரு வட்டம்.]

ஃபெர்ரிபோர்ட் லேண்டிங் என்பது ஊரின் பெயர். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் தேவதைக் கதைகளில் இருந்து வந்தவர்கள். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் ஒருவரான வில்ஹெல்ம் கிரிம் அவர்களைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார், அவர் வழிவந்தவர்கள்தான் நம் சிறுமிகள் என்பது நாவலின் கற்பனை. உண்மையான வில்ஹெல்ம் 1859இல் பெர்லினில் இறந்துபோன ஜெர்மன் அறிஞர். அமெரிக்கப் பக்கமே போகாதவர். நாவலில் ஒரு சூனியக்காரியின் மந்திரம் இந்த ஊரைக் கட்டிப்போட்டிருக்கிறது. கிரிம் குடும்பத்தின் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை, கதை மாந்தர் ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது.

இங்கேதான் எனக்குக் கை தட்டத் தோன்றியது. பனியில் அடைபட்ட மாளிகை, நடுக்கடலில் கப்பல், வெளியே போக முடியாத பத்துப் பேர் என்று துப்பறியும் கதைகளில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பக்லி ஒரே மந்திரத்தில் ஊரையே அந்த மாளிகையாக மாற்றிவிட்டார். கூடவே, அந்தக் குடும்பத்தைத் தீர்த்துக்கட்ட ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு காரணத்தையும் கொடுத்துவிட்டார்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. மற்ற மர்ம நாவல்களில் சந்தேக நபர் ஒவ்வொருவரையும் எழுத்தாளர் மெனக்கெட்டு அறிமுகம் செய்ய வேண்டும். இங்கே பெயரைச் சொன்னால் போதும், குற்றப் பதிவேடு வாசகரின் மூளையில் நான்கு வயதிலிருந்தே இருக்கிறது. ஓநாயின் பதிவேட்டைப் பிரிப்போமா?

[திரையில்: காவல் நிலையக் கோப்பு. ஓநாயின் முகம், நேராகவும் பக்கவாட்டிலும்.]

முதல் வழக்கு, சிவப்புத் தொப்பி. பேத்தியின் குரலில் பேசிப் பாட்டி வீட்டுக்குள் நுழைந்தது. இரண்டாவது, ஏழு ஆட்டுக்குட்டிகள். குரல் மென்மையாக வரச் சாக்பீஸைத் தின்று, காலில் மாவைப் பூசிக்கொண்டு, "அம்மா வந்திருக்கிறேன், கதவைத் திறங்கள்" என்றது. மூன்றாவது, மூன்று பன்றிக்குட்டிகள். அங்கேயும் அதே பாட்டு: கதவைத் திற. கவனித்தீர்களா? மூன்றுமே வாசற்கதவுக் குற்றங்கள்! எந்தக் காவல் அதிகாரியும் இது ஒரே ஆளின் கைவரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார். ரெல்டா பாட்டியின் வீட்டுக் கதவில் வரிசையாகப் பூட்டுகள். அத்தனை பூட்டுகளுக்கும் உள்ளே, பாட்டியோடு, அதே ஓநாய் குடியிருக்கிறது. இந்தக் குறும்புக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

பாட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. இது நாவலில் இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1697இல் பிரெஞ்சில் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பியில் காப்பாற்ற யாருமே வருவதில்லை. ஓநாய் சிறுமியைத் தின்கிறது, கதை முடிகிறது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில்தான் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழிக்கிறார். அதன் வால்போல இன்னொரு குட்டிக் கதையும் அங்கே ஒட்டியிருக்கிறது. இன்னொரு நாள், இன்னொரு ஓநாய். இந்த முறை பாட்டியும் பேத்தியும் கதவைத் திறக்கவே இல்லை. ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. பாட்டி என்ன செய்கிறாள்? முந்தின நாள் சாசேஜ் வேகவைத்த தண்ணீரை வாசலில் உள்ள கல்தொட்டியில் ஊற்றச் சொல்கிறாள். வாசனை மேலே போகிறது. ஓநாய் கழுத்தை நீட்டுகிறது, இன்னும் நீட்டுகிறது, சறுக்கித் தொட்டியில் விழுந்து மூழ்கிவிடுகிறது. இந்தப் பாட்டியை ஏன் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை? ரெல்டா பாட்டிக்கு இவள்தான் மூதாதை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

[திரையில்: வரவேற்பறை, ஒரு பலகை, சுண்ணக்கட்டி.]

சரி, பெயர்கள். ஓநாயின் நாவல் பெயர் திரு. கேனிஸ். லத்தீனில் கேனிஸ் என்றால் நாய். ஓநாயின் அறிவியல் பெயரே அப்படித்தான் தொடங்கும். காவல் தலைவரின் பெயர் ஹாம்ஸ்டெட். ஹாம் என்பது பன்றித் தொடைக் கறி. தடயம் பெயரிலேயே பல்லைக் காட்டுகிறது. ஆனால் என் அக்கா மகளுக்கு இதை இரவில் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு வயது ஒன்பது. பெயரை அப்படியே சொன்னால் தடயம் போய்விடும். எனவே நானே பெயர் வைத்தேன். கார் ஓட்டுபவர் ஓநாயகம். காவல் தலைவர் வராகமூர்த்தி. மேயர் பதவியில் இருக்கும் இளவரசர் சார்மிங்குக்குச் சுந்தரராஜன். சார்மிங் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஓநாயகத்தை அவள் ஒரே நொடியில் பிடித்துவிட்டாள். என் தப்பு, கொஞ்சம் வெளிப்படையாகிவிட்டது. வராகமூர்த்திக்கு மூன்று இரவுகள் ஆயின.

குறையே இல்லையா என்றால், உண்டு. மூத்தவள் சப்ரினா எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டே இருக்கிறாள். ஐம்பதாம் பக்கத்தில் எனக்கே அலுத்துவிட்டது. சின்னவள் டாஃப்னி மகிழ்ச்சி தாங்காமல் தன் உள்ளங்கையைக் கடித்துக்கொள்ளும்போதெல்லாம் மீண்டும் உற்சாகம் வந்துவிடும். தலைப்பில் கிரிம் இருக்கிறதே தவிர, மூன்று பன்றிக்குட்டிகள் இங்கிலாந்துக் கதை, பக் என்ற குறும்பன் ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்காரன். கிரிம் குடும்பம் வாடகைக்கும் ஆள் சேர்த்திருக்கிறது.

வீடியோ பிடித்திருந்தால் விருப்பக் குறியை அழுத்துங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது ஒவ்வொரு புதுப் பெயரிலும் நிறுத்தி, "இது யாராக இருக்கும்?" என்று கேளுங்கள். பின்விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல. போன வாரம் எங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தார். பெயர்ப்பலகையில் நரசிம்மன் என்று இருந்தது. அக்கா மகள் ஓடிவந்து வாசற்கதவின் இரண்டு தாழ்ப்பாள்களையும் போட்டாள். அப்புறம் ஏதோ யோசித்தவள், திரும்பி, நடுக்கூடத்தில் இருக்கும் தூணைப் பார்த்தாள்.