ஆற்றுதல்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 'ஆற்று' என்ற சொல். பேச்சில் 'ஆத்து' என்போம்.

கொதித்த பால் தானாகச் சூடு குறைந்தால், ஆறியது. நாம் குறைத்தால், ஆற்றினோம். மாறு – மாற்று, தேறு – தேற்று போலத்தான் இதுவும். புண் ஆறும், கோபம் ஆறும், நடந்து களைத்தவர் திண்ணையில் இளைப்பாறுவார். மலேசியத் தமிழர்கள் 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். பசியும் ஒரு கொதிப்புத்தான், அது ஆறவேண்டும் என்று நினைத்தவர்கள் வைத்த சொல் அல்லவா!

வள்ளுவரும் பசியோடுதான் இந்தச் சொல்லைச் சேர்த்தார். 225ஆவது குறள், "ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்" என்று தொடங்குகிறது. தவம் செய்கிறவர் தன் பசியைப் பொறுத்துக்கொள்வது வலிமை. ஆனால் அடுத்தவர் பசியை மாற்றுகிறவரின் வலிமை அதைவிடப் பெரிது என்று முடிக்கிறார். பொறுப்பதற்கும் வலிமைக்கும் ஒரே வேர். துக்கம் தாங்காமல் தவிப்பதை 'ஆற்றாமை' என்கிறோமே, அதுவும் இங்கிருந்து வந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது கலித்தொகை வரி. "ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்". அலந்தவர் என்றால் இல்லாமையால் வாடி அலைக்கழிந்தவர். உதவுதல் என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். இன்று நாம் 'ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்' என்கிறோம். சொல்வதோடு நின்றுவிடுகிறது. பழைய சொல்லில் கைக்கு வேலை இருந்தது.

என் அப்பா இறந்த மறுநாள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்கில் காபி கொண்டுவந்தார். என் எதிரே உட்கார்ந்து, டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் நாலைந்து தடவை மாற்றி மாற்றி ஊற்றினார். நுரை மேலே வந்தது. புறங்கையை டம்ளரில் வைத்துச் சூடு பார்த்தார்.

"ஆத்திட்டேன், குடிப்பா" என்றார்.

நன்றி, வணக்கம்.