ஊர்க் கொட்டகையும் படப்பெட்டியும்

"எங்கள் ஊரில் மூன்று கொட்டகைகள் இருந்தன. பழைய படம் போட்டாலே நிறைந்துவிடும். இப்போது மிச்சமிருக்கும் ஒரே தியேட்டரில் சென்னையோடு சேர்ந்து புதுப்படம் வருகிறது, ஆனால் ஆளில்லையே, ஏன்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

டிவி வந்தது, அதனால் போச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், படப்பெட்டியிலிருந்து, அதாவது பிலிம் சுருள்கள் (ரீல்) வரும் பெட்டியிலிருந்து, ஆரம்பிக்க வேண்டும்.

பிலிம் காலத்தில் பிரதி எடுக்க நிறையச் செலவாகும். ஒரு ரீல் சுமார் 1,000 அடி; ஓடுவது 11 நிமிடம். ஒரு படத்துக்கு 14, 16 ரீல். அதனால் கொஞ்சம் பிரதிகள்தான் எடுப்பார்கள்; பெட்டி முதலில் மதுரை, திருச்சி மாதிரி 'ஏ' சென்டருக்குப் போகும். அங்கே ஓடி முடித்து 'பி' சென்டரான சின்ன நகரம், கடைசியில் கோடு விழுந்து, ஒட்டுப் போட்டு நம் ஊர். பக்கத்து ஊர்க் கொட்டகையும் அதே பெட்டியை எடுத்திருந்தால், அங்கே ஓடிய ரீல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் இருட்டில் மிதித்து வருவார். அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

டூரிங் கொட்டகைகள், அதாவது தற்காலிகமாகப் போட்ட கீற்றுக் கொட்டகைகள், பலவற்றில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் மாற்ற விளக்கைப் போடுவார்கள். இரண்டு, மூன்று இடைவேளை, முறுக்கு வியாபாரம் அமோகம். கீற்று வழியே வெயில் விழும் என்பதால் பகல் காட்சி கிடையாது. கீற்றென்றால் தீ பயமும் உண்டு. 1979இல் தூத்துக்குடியில் அப்படி ஒரு கொட்டகை எரிந்து பலர் இறந்தார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பழைய பெட்டி குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு படம் மாற்றலாம். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு தடவை வருவார்கள். ஒன்று ஓடாவிட்டாலும் அடுத்தது காப்பாற்றும். 2005க்குப் பிறகு டிஜிட்டல் பரவியது, பெட்டி ஒழிந்தது, எல்லா ஊரிலும் ஒரே நாள் ரிலீஸ். அதே படம் 20 கிலோமீட்டர் தள்ளி ஏசி மல்டிபிளெக்ஸிலும் ஓடுகிறது; பைக் இருக்கிறவர் அங்கே போய்விடுகிறார். உங்கள் ஊர் தியேட்டர்காரருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு வசூல்தான் எல்லாம். திங்கட்கிழமை மாற்றிப் போட அவர் கையில் வேறு பெட்டி இல்லை.