எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம்?

(கோத்தகிரியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், மாணவர்களுக்கும், தேயிலைத் தோட்டத்து வேலையை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் சகோதரிகளுக்கும் என் வணக்கம்.

இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு அரசியலும் தொழில்நுட்பமும் பேசி வாதிடுவதால் பயன் உண்டா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். மலையில் வாழும் நமக்கு அது தேவையும்கூட. யானை வழித்தடம், மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ், பச்சைத் தேயிலை விலை, உரிமைச் சிக்கல் தீராத கூடலூரின் பிரிவு 17 நிலம் என்று நம் வாழ்க்கையைத் தொடும் விவகாரங்களைப் பற்றி இணையத்தில் ஓயாமல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள். அவர்கள் எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நம் மலையில் பெய்யும் மழைதான் பவானியில் இறங்கி அவர்கள் வயலுக்குப் போகிறது. அவர்களுக்கும் இந்த மலையில் அக்கறை இருக்க வேண்டும். ஆனால் நாம் வாயே திறக்காமல் இருந்தால், நம்மைப் பற்றிய கருத்து நாம் இல்லாத இடத்திலேயே உருவாகி முடிந்துவிடும்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்கு நம் நீலகிரி மாவட்டத்திலேயே தொடங்கிய ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளை ஆராயும் ஆய்வகம் என்றதும் எல்லோருக்கும் தேனி மாவட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முதலில் பார்த்த இடம் மசினகுடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்காரா. அங்கே ஏற்கெனவே மலையைக் குடைந்து பூமிக்கடியில் ஒரு புனல் மின்நிலையம் கட்டியிருந்தார்கள்; பாறையின் தன்மை தெரிந்திருந்தது. நியூட்ரினோவைப் பார்க்க எதற்காக மலைக்குள் போக வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கலாம். வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் எப்போதும் பொழிந்துகொண்டிருக்கின்றன. கருவியை வெளியே வைத்தால் அந்த மியூவான்களின் இரைச்சலில் நியூட்ரினோ தெரியாது. ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை மேலே இருந்தால் மியூவான்களில் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட மலைக்கு அடியில் 50,000 டன் இரும்பைக் கொண்ட காந்தமேற்றிய கருவியை வைப்பது திட்டம்.

2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சிங்காராவுக்கு அனுமதி மறுத்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு அது. யானைகள் நடமாடும் பாதை. அந்தக் காட்டின் வழியே பல ஆண்டுகள் கட்டுமான லாரிகள் போய்வர வேண்டியிருக்கும் என்பதுதான் பெரிய கவலை. அதன் பிறகே திட்டம் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்துக்குப் போனது. 2018-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இந்த ஆண்டுகள் முழுவதும் இணையத்தில் நடந்த சண்டையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம், நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும், பயிர் கருகும் என்று எழுதினார்கள். மறுபக்கம், எதிர்ப்பவர்கள் எல்லோரும் அறிவியலின் எதிரிகள் என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் எழுதியும், சிங்காராவுக்கு ஏன் அனுமதி மறுக்கப்பட்டது என்பதை அங்கே சொன்னவர்கள் மிகக் குறைவு. அந்த மறுப்புக்கும் கதிர்வீச்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காரணம் யானையும் லாரியும்.

அங்கே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நியூட்ரினோ உடலுக்குத் தீங்கு செய்யுமா என்பது ஒன்று. இதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது: செய்யாது. நம் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில், ஒவ்வொரு நொடியும் சூரியனிலிருந்து ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. பகலில் மேலிருந்து வருகின்றன, இரவில் பூமியையே துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வருகின்றன. ஆய்வகம் அவற்றை உண்டாக்கப் போவதில்லை, எண்ணத்தான் போகிறது. பாறையை வெடிவைத்துக் குடைவதாலும், தோண்டிய கல்லைக் கொட்டுவதாலும், தண்ணீர் எடுப்பதாலும் காடும் ஊரும் என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு இயற்பியல் புத்தகத்தில் பதில் கிடைக்காது. அந்த மலையில் இறங்கி ஆராய வேண்டும். இதையெல்லாம் எடைபோட்டு முடிவெடுப்பது யார், டெல்லியா, சென்னையா, அந்த ஊர் கிராம சபையா என்பது மூன்றாவது. அது முழுக்க அரசியல். அரசியல் என்பதால் அது தாழ்ந்த கேள்வி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முகம் தெரியாதவரோடு வாதிடும்போது நடப்பது என்ன? முதல் கேள்வியில் தோற்கிறவர் சட்டென்று இரண்டாவதுக்குத் தாவுகிறார். அங்கே மடக்கினால் மூன்றாவதுக்குப் போகிறார். எதிரில் இருப்பவரும் துரத்திக்கொண்டே போகிறார். கடைசியில் சாதி, கட்சி, மதம் என்று போய் முடிகிறது. ஊரில் நேரில் பேசினால் இப்படி ஆவதில்லை. டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் நம்மைக் கொஞ்சம் நிதானிக்க வைக்கிறது; நாளைக்கும் அவரைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறது. இணையத்தில் அந்த இரண்டும் இல்லை. அதனால் நேரில் தானாக நடப்பதை அங்கே நாமே முயன்று செய்ய வேண்டும். "ஐயா, நாம் இப்போது இந்த மூன்றில் எதைப் பேசுகிறோம்?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒன்றிலேயே நிற்க வேண்டும். நியூட்ரினோ தீங்கற்றது என்று முழு மனதோடு ஒப்புக்கொண்டு, அதே மூச்சில், "இருந்தாலும் இந்தக் காட்டில் சுரங்கம் வேண்டாம்" என்று ஒருவர் சொல்லலாம். அதில் முரண்பாடே இல்லை. இணையத்தில் அப்படிச் சொல்பவரை இரண்டு கூட்டமும் திட்டுகின்றன. நான் அவரை மதிக்கிறேன்.

மலைக்காரர்களுக்கு அறிவியல் என்றால் பயம் என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. அந்த மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஒத்திருப்பதால்தான், பூமியின் அச்சுக்கு இணையாக அதை நிறுத்த முடிந்தது. ஊட்டியிலேயே இருக்கும் காஸ்மிக் கதிர் ஆய்வகம், நான் முன்பு சொன்ன அந்த மியூவான்களைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. இவற்றின் பக்கத்திலேயே கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவித்து வாழ்கிறோம். பயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இ-பாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கோவைப் பக்கத்துக்காரர் ஒருவர், "மலை என்ன உங்கள் பாட்டன் சொத்தா?" என்று எனக்கு எழுதினார். நமக்குச் சுருக்கென்று தைக்கும் கேள்விதான். எந்தச் சாவடியில் நிறுத்தினார்கள், கல்லாறா, குஞ்சப்பனையா என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். கைக்குழந்தையோடு வெயிலில் நின்றதையும், செல்போனில் சிக்னல் கிடைக்காமல் பாஸ் எடுக்க முடியாமல் தவித்ததையும் நீளமாக எழுதினார். அவருடைய கோபம் சாவடியில் நடந்ததைப் பற்றியது. நம் மீது அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. இந்த ஏற்பாடு ஆளும் கட்சியின் யோசனை என்று அவர் நினைத்திருந்தார். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது என்பதைச் சொன்னேன். 2025 ஏப்ரலில் வந்த உச்சவரம்பையும் சொன்னேன்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அவர் வரம்பை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் சாவடியிலேயே பாஸ் பதிந்து தர ஆள் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாக நின்றோம். அதைப் பெரிய வெற்றியாகவே நினைக்கிறேன். நமக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. ஊட்டியில் டாக்சி ஓட்டுகிறவரும், லாட்ஜில் வேலை பார்க்கும் பெண்ணும், குன்னூர் நெரிசலில் ஆம்புலன்ஸுக்குள் மாட்டிக்கொண்டவரும் ஒரே மாதிரி பேச மாட்டார்கள். வெளியூர்க்காரரிடம் பேசும்போது மலை முழுவதற்கும் தான்தான் பிரதிநிதி என்று யாரும் பேசாதீர்கள்.

மழைக்காலத்து வாட்ஸ்அப் செய்திகளைப் பற்றிச் சுருக்கமாக. 2009 நவம்பரில் நடந்த மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தவர்கள் நாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் பார்த்தவர்கள். அதனால் சாலை பிளக்கும் காட்சி ஒன்று கைக்கு வந்தால், அது எந்த ஊர், எந்த ஆண்டு என்று பார்க்காமலே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். குழந்தை கடத்தல் வதந்தியால் நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான், 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. நாம் அவ்வளவு தூரம் காத்திருக்கத் தேவையில்லை.

இணையத்தில் எழுதினால் போலீஸ் வரும் என்று அஞ்சுகிற பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எரிச்சலூட்டும்படி எழுதினார் என்பதற்காகவே அந்தப் பிரிவில் கைது செய்ய இனி முடியாது. அவதூறும் வெறுப்புப் பேச்சும் இன்றும் குற்றம்தான். அப்படி இருப்பது நியாயமும்கூட.

பயன் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. சில இணையதளங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம், தனிச் சலுகை வைக்கலாமா என்பதும் அதில் இருந்த கேள்விகளில் ஒன்று. ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் இணையத்தில் கூடி அந்த நீண்ட அறிக்கையை எளிமைப்படுத்தினார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாரித்தார்கள், தங்களுக்குள் சண்டை போட்டுத் திருத்தினார்கள். பத்து லட்சம் மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆணையம் விதி செய்தது. அதற்கு முந்தைய மாதங்களில், அப்படிப்பட்ட சலுகைகளை ஆதரித்த எதிர்த்தரப்பிலிருந்தும் லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் வந்தன. ஆனால் ஒரே வார்ப்பில் எழுதப்பட்ட அவை, ஆணையம் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக இல்லை என்று ஆணையமே எழுத்தில் சொன்னது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் இருந்தது. கேட்டதற்குப் பதில் ஒரு பக்கம்தான் இருந்தது.

இப்போது உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். சிறு தேயிலை விவசாயிகள் மானியத்துக்காகவே போராடுகிறார்கள் என்று பெங்களூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார், விவரம் தெரியாமல் எழுதியிருக்கிறார். ஏலத்தில் தேயிலைத்தூள் என்ன விலைக்குப் போகிறது, அதிலிருந்து பச்சைத் தேயிலைக்கு என்ன விலை வருகிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு கிலோ இலை பறிக்க உண்மையில் என்ன செலவாகிறது என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. உரம், கவாத்து, பறிப்புக் கூலி, ஃபேக்டரிக்கு ஏற்றிப்போகும் வண்டி வாடகை என்று உங்கள் தோட்டத்துக் கணக்கை எழுதிவைத்திருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் அந்த நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசைக்கு வாருங்கள். இங்கேயே உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் போட்டு, இன்றிரவே அவருக்குப் பதில் எழுதுவோம்.