பதறாத காரியம்: 'லவ்லெஸ்' ஆல்பமும் நம் காதுகளும்

மேடையில் வீற்றிருக்கும் இசைப் பேரவைத் தலைவர் அவர்களே, அரங்கை மனமுவந்து தந்த கல்லூரித் தாளாளர் அவர்களே, தாளத்தைப் பற்றி அழகாகப் பேசி, எனக்கு ஒதுக்கிய நேரத்திலும் கொஞ்சம் பேசி முடித்த பேராசிரியர் அவர்களே, காலையிலிருந்து வயர் இழுத்துக்கொண்டிருக்கும் சவுண்ட் சர்வீஸ் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்றைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டு வந்தேன்: கிதார், குரல், பணம். பொருள், 'மை பிளடி வேலன்டைன்' என்ற ராக் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'லவ்லெஸ்'. 1983-ல் டப்ளினில் தொடங்கிய குழு அது. 1991 நவம்பரில் கிரியேஷன் என்ற இசைத்தட்டு கம்பெனி வெளியிட்ட ஆல்பம் இது. பதினொரு பாட்டு, ஏறத்தாழ 48 நிமிடம். ஐந்து நாளில் பதிவு முடிந்துவிடும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. 1989 பிப்ரவரியில் ஆரம்பித்த வேலை 1991 செப்டம்பரில்தான் ஓய்ந்தது. மாறிய ஸ்டூடியோக்கள் 19. பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். கம்பெனிக்காரர்கள் மட்டும் நன்றாகவே பதறினார்கள்.

முதலில் கிதார். இந்த ஆல்பத்தில் கிதார் ஒலி அலைபோல் ஆடுவதைக் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடி, ஒலியை மாற்றிக் காட்டும் கோரஸ் பெடல், ஃபிளாஞ்சர் பெடல் வாங்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன், காசு வீண். அந்த அலைவு பெடலிலிருந்து வருவதில்லை, கையிலிருந்து வருகிறது. குழுவின் கிதார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் வாசித்தது ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் வகைக் கிதார்கள். அவற்றில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமொலோ கம்பி நீளமானது, லேசாக அசைவது. அதை விரல்களுக்குள் பிடித்தபடியே தந்திகளை அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் சுருதி ஒரு நூலளவு இறங்கி ஏறும். நிறுத்தி நிறுத்தி அமுக்கினால் வராது. அடிக்கும் கையும் ஆட்டும் கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அடுத்து ரிவர்ஸ் ரிவெர்ப். ரிவெர்ப் என்றால் எதிரொலி சேர்ப்பது; அதைத் தலைகீழாக்குவது இது. யமஹா எஸ்பிஎக்ஸ்-90 என்ற எஃபெக்ட் பெட்டியில் இருந்த வசதி அது. சாதாரண ரிவெர்ப் ஒலித்துத் தேயும், இது வீங்கி வந்து வெட்டுப்படும். இதில் கிதாரின் நேர் ஒலியைக் கலக்கக் கூடாது, பெட்டியிலிருந்து வரும் எஃபெக்ட் ஒலி மட்டும் போதும். பாதிக்குப் பாதி கலந்தீர்களானால் தந்தியின் 'டங்' என்ற முனை வெளியே துருத்தி, மந்திரம் கலைந்துவிடும். கிதாரின் டோன் குமிழையும் இறக்கி வையுங்கள். ஜாஸ்மாஸ்டரில் மெல்லிய தந்தி போட்டால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பள்ளத்திலிருந்து தந்தி எகிறும். மிக மெல்லிய தந்தியே 11 (அதாவது 0.011 அங்குலம்) அல்லது அதற்கு மேல் கனமுள்ள செட் போடுங்கள். கிதார் கழுத்தின் முனையில் தந்தி பதியும் நட் பள்ளத்தில் பென்சில் கரி தடவினால் சுருதி திரும்பி வந்து நிற்கும்.

கல்லூரி முதல்வர் அம்மையார் இப்போது வந்திருக்கிறார்கள். அம்மா, வணக்கம். உங்கள் மாணவிகள் தந்த வரவேற்புக்கு நன்றி. முன்வரிசையில் இடம் இருக்கிறது.

இப்போது குரல். இந்தக் கதையைச் சொல்லாமல் போனால் என்னை விடமாட்டீர்கள். 1991 கோடையில் லண்டனில் குரல் பதிவு. பாடப்போகிறவர்கள் ஷீல்ட்ஸும் குழுவின் பாடகி பிலிண்டா புட்சரும். பல நாள் வரிகளே எழுதாமல்தான் வருவார்கள். வந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? பாடும் அறைக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவிலுள்ள கண்ணாடிக்குத் திரை கட்டுவது! எஞ்சினியர் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. அப்படியானால் அவர் எப்படிப் பதிவு செய்வார்? டேப் மெஷினில் ஒலியளவைக் காட்டும் முள் ஆடும். ஆடினால் பாடுகிறார்கள். முள் படுத்துவிட்டால் நிறுத்திவிட்டார்கள். உடனே டேப்பைச் சுற்றி முதலுக்குக் கொண்டுவர வேண்டும். மறுபடி முள், மறுபடி சுற்றல். ஒரு டேக், அதாவது ஒருமுறை பாடிய பதிவு, பிடித்துப்போனால் திரை விலகும், உள்ளேயிருந்து ஒரு கை அசையும், திரை மூடும். படித்த எஞ்சினியர் ஐயா, ஒரு பாட்டும் கேட்காமல் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்! புட்சரின் குரல் தூக்கக் கலக்கமாய் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி: காலை ஏழரை மணிக்கு, அப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பிப் பாடவைத்த பதிவுகள் உண்டு. எந்த டேக் நல்லது என்று உட்கார்ந்து பொறுக்கச் சலித்த ஷீல்ட்ஸ், பன்னிரண்டு பதின்மூன்று டேக்குகளை ஒன்றாகவே ஒலிக்க விட்டார். சொற்கள் கரைந்தது அதனால்தான். பதறாத காரியம், அதுவும் திரைக்குப் பின்னால்!

அப்படி எடுத்த குரலை, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் கிதாருக்கு அடியில், சத்தம் குறைவாக வைத்தார்கள். என் கவலை அங்கே ஆரம்பிக்கிறது. வரி புரியவில்லை என்று கேட்கிறவர் வால்யூமைத் திருகுகிறார். குரலோடு கிதாரும் ஏறுகிறது. ஹெட்போன் என்றால் கேட்கவே வேண்டாம். ஷீல்ட்ஸுக்கே காதிரைச்சல் உண்டு, அவரே சொல்லியிருக்கிறார். 2008-ல் குழு மறுபடி மேடையேறியபோது ரசிகர்களுக்கு இயர் பிளக் கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். சத்தத்துக்கே பேர்போன குழு கொடுத்தது, நம் ஊர் அரங்கு எதுவும் ஏன் கொடுப்பதில்லை?

அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தைக் கவனிக்கும் நியோஷ் நிறுவனம் பணியிடங்களுக்கு வகுத்த வரம்பு இது: 85 டெசிபெல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம்தான். பஞ்சு அடைப்பது ஏமாற்று வேலை, உருப்படியாக ஒன்றும் குறையாது. நுரை பிளக்கைச் சுத்தமான கையால் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே நின்றால் பயனில்லை. நுரை, உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கும், பாட்டு மங்கும். வாசிக்கிறவர்கள் எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும் ஃபில்டர் வகையை வாங்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசவில்லை, மணி அடித்துவிட்டார்கள். இந்த ஆல்பத்துக்கு இரண்டரை லட்சம் பவுண்டு செலவானது என்ற பேச்சை ஷீல்ட்ஸ் மறுத்தார் என்பதோடு விடுகிறேன். இந்த அரங்கின் வாசலில் ஒரு டப்பா நுரை பிளக் நிரந்தரமாக இருக்க வேண்டும், மிக்ஸர் மேசையில் ஒரு ஒலியளவு மீட்டர் இருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறோம். தாளாளர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாள் இப்போது இடதுபுற வரிசையிலிருந்து வருகிறது, பேனாவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.