குளிர்ந்த ஏரியில் கயாக்கும் ட்ரவுட் மீனும்

நேயர்களுக்கு வணக்கம்ங்க.

பவானி ஆறு நமக்கெல்லாம் தெரிந்த ஆறு. பவானிசாகர் அணையில் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் வலையில் விழுகின்றன. அதே ஆறு பிறக்கிற நீலகிரி மேட்டில் வேறொரு மீன் இருக்கிறது. பெயர் ட்ரவுட். நம் மண்ணின் மீன் அல்ல. வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கொண்டுவந்து வளர்த்தது. அதற்காக 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். நூறு ஆண்டு கடந்தும் அந்த மீன் மலையை விட்டுக் கீழே இறங்கிக் குடியேறவில்லை. சமவெளித் தண்ணீரின் சூடு அதற்கு ஆகாது.

வேலை நிமித்தம் நான் சில ஆண்டுகள் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கம்லூப்ஸ் ஊரில் இருந்தேன். நம் கொங்கு நாட்டைப் போலவே அதுவும் மலைக்கு மறைவில் மழை குறைந்த பகுதி. ஆனால் சுற்றிலும் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏரிகள். அவற்றில் வானவில் ட்ரவுட். ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இப்போது கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிற தம்பிகள் என்னிடம் கேட்பதுண்டு: "ஏனுங்கண்ணா, கயாக்குல போயி ட்ரவுட் புடிக்கறதுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?" கயாக் என்பது துடுப்புப் போட்டு ஓட்டுகிற குறுகலான சிறு படகு. குளிரிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் என் பதில். மீன் எங்கே நிற்கும் என்பதைச் சொல்வதும் குளிர்தான். ஆளைக் கொல்லக்கூடியதும் அதே குளிர்தான்.

முதலில் மீன். தண்ணீர் குளிரக் குளிர அதில் ஆக்சிஜன் அதிகம் கரையும். 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம். 25 டிகிரியில் 8 சொச்சம்தான். வானவில் ட்ரவுட்டுக்கு உகந்தது 12 முதல் 16 டிகிரி. 20ஐத் தாண்டினால் இரையில் நாட்டம் குறையும். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஏரிக்குப் போகிறவர் தூண்டிலுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்க வேண்டும். அதைக் கயிற்றில் கட்டி, அடிக்கு ஓர் அடையாளம் போட்டு, இறக்கிப் பாருங்கள்.

சித்திரை மாதம் ஆழக் கிணற்றில் குதித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஓராள் ஆழம் போனதும் பாதத்தில் சுரீரென்று குளிர் ஏறும். குளிர்நாட்டு ஏரியிலும் கோடையில் இப்படித்தான் அடுக்கு பிரிகிறது. ட்ரவுட் அந்த மேலடுக்கின் அடியில், சூடும் குளிரும் சந்திக்கிற ஆழத்தை ஒட்டி நிற்கும். பனிக்கட்டி உருகிய வசந்தத்திலும், இலையுதிர் காலத்திலும் காற்று ஏரியைப் புரட்டி மேல் கீழ் எல்லாம் ஒரே குளிராக்கி விடும். அப்போது மீன் கரையோரம் வரை வந்து மேயும். கயாக்கில் புதிதாக இறங்குகிறவருக்கு அந்தப் பருவம்தான் நல்லது. கரையை விட்டுத் தூரம் போகவே வேண்டியதில்லை.

கயாக்கில் இரண்டு வகை. உள்ளே காலை நுழைத்து உட்காருவது ஒன்று. மேலேயே உட்காருவது இன்னொன்று. மீன் பிடிக்க இரண்டாவதை வாங்குங்கள். கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் தேங்காது, ஓட்டை வழியாக வடிந்துவிடும். நீங்களும் திரும்ப ஏறிக்கொள்ளலாம். 10 முதல் 12 அடி நீளம், இரண்டரை அடிக்குக் குறையாத அகலம் போதும். விலை உயர்ந்த, கால்மிதி வைத்த வகைகளைக் கடைக்காரர் காட்டுவார். முதல் ஆண்டு அது வேண்டாம்.

தூண்டிலுக்கு ஆறேழு அடியில் மெல்லிய கம்பு, நரம்பைச் சுற்றி வைக்கிற சிறிய ஸ்பின்னிங் ரீல், 4 அல்லது 6 பவுண்ட் இழுவை தாங்கும் நரம்பு. நம் குளத்துக்கு வாங்குகிற தங்கூஸ் நரம்பின் கனத்தில் பாதிகூட இருக்காது. முனையில் 'ஸ்பூன்' என்கிற, இரைபோல ஆடுகிற, முள் கோத்த வளைந்த தகடு. மூன்று முதல் ஏழு கிராம். இதை வீசக்கூட வேண்டாம். நரம்பை 20, 30 மீட்டர் பின்னால் விட்டு, கம்பைக் கயாக்கில் உள்ள குழலில் செருகிவிட்டு, மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே போங்கள். வேகம் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர். நிதானமாக நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. மோட்டார் படகுக்கு இந்த வேகம் சிரமம். துடுப்புக்கு இது இயல்பு. துடுப்பு போடும்போது தகடு துள்ளும், விட்டால் லேசாகத் தாழும். அந்த ஏற்ற இறக்கமே மீனை இழுக்கும். நேர்கோட்டில் போகாதீர்கள், பாம்பு ஊர்வதுபோல வளைந்து போங்கள். வளைவின் வெளிப்பக்கம் தகடு வேகமெடுக்கும், உள்பக்கம் தணியும். எந்தப் பக்கம் திரும்பும்போது மீன் கடித்தது என்று கவனித்தால், அன்றைக்கு அதற்கு வேகம் பிடிக்கிறதா, நிதானம் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். எனக்கு இந்த மீன்பிடியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கடிக்கிற நொடியில் கம்பு பின்னால் வளையும், ரீல் சிர்ர்ரென்று சத்தம் போடும். அப்போது துடுப்பைக் கையிலிருந்து நழுவ விடக்கூடாது. அதனால்தான் அதற்கு ஒரு கயிறு கட்டி வைக்கிறோம். கம்பை எடுத்து முன்பக்கம் கொண்டுவந்தால் மீன் கயாக்கையே தன் பக்கம் திருப்பும். திருப்பட்டும். வானவில் ட்ரவுட் தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறும். அந்த நேரம் கம்பைச் சற்றுத் தாழ்த்துங்கள். பக்கத்தில் வந்ததும் எழுந்திருக்க வேண்டாம், விளிம்பில் சாயவும் வேண்டாம். தொப்புள் கயாக்கின் நடுக்கோட்டிலேயே இருக்கட்டும். கை மட்டும் ரப்பர் வலையோடு நீளட்டும். விடப்போகிற மீனை உலர்ந்த கையால் தொடாதீர்கள். மேலே உள்ள வழவழப்புப் போனால் அதற்கு நோய் பிடிக்கும்.

இனி ஆளைப் பற்றி. நம் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். அந்த தைரியம் நல்லதுதான். ஆனால் 10 டிகிரித் தண்ணீரில் அது காப்பாற்றாது. விழுந்ததும் உடம்பு தன்னை அறியாமல் மூச்சை இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் அத்தோடு முடிந்தது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் உடம்பு படும் பாட்டைப் பல்லாண்டு ஆராய்ந்து, ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவந்து நிலைக்கு வர ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கயாக்கில் ஏறிவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் என்பதே கிடையாது, விரல் மரத்ததும் மூழ்கிவிடுவோம். அதைக் காலடியில் போட்டு வைக்காமல், கரையிலேயே மாட்டிப் பட்டையை இறுக்குங்கள். ஜீன்ஸும் பருத்தித் துணியும் வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். வெளியே வெயில் அடிக்கலாம். தண்ணீரைத் தொட்டுப் பார்த்து அதற்கு ஏற்ற வெட் சூட்டை, அதாவது குளிர் தாங்கும் ரப்பர் உடையைப் போடுங்கள்.

கவிழ்ந்து ஏறுவதைக் கோவையிலேயே, கிளம்பும் முன்பே, ஏதாவது நீச்சல் குளத்தில் பழகலாம். கவிழ்ந்ததை நிமிர்த்தி, நடுப்பகுதிக்குக் குறுக்கே எட்டிப் பிடித்து, காலை உதைத்து வயிற்றால் ஏறி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். இதை யோசிக்காமலே செய்ய வருகிற வரைக்கும் தனியாக ஏரிக்குப் போக வேண்டாம் தம்பிகளா. காற்று இருந்தால் போகும்போதே எதிர்க்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

உரிமம் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண்டு உரிமம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், என்ன முள் என்பது ஏரிக்கு ஏரி மாறும். நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்பதே குற்றம். ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் கயாக்கைக் கழுவி, வடித்து, காய வையுங்கள்; ஒட்டிக்கொண்டு போகிற சிறு சிப்பி ஓர் ஏரியையே கெடுத்துவிடும். நம் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானிப் பக்கம் நினைத்தவுடன் கயாக்கை இறக்கிவிட முடியாது. அவை மின்வாரிய அணைகள், சுற்றிலும் வனத்துறைக் காடு. அனுமதி கேட்டு, கிடைத்தால் மட்டுமே.

சமைக்க எடுத்துக்கொண்ட முதல் மீனின் இரைப்பையைக் கீறி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். கொசு மாதிரியான பூச்சியின் கூட்டுப்புழுவா, நன்னீர்க் கூனியா, அட்டையா என்று தெரியும். மறுநாள் அந்த நிறத்தில், அந்த அளவில் தகட்டைக் கட்டிக்கொண்டு இறங்கலாம்.

நன்றிங்க, வணக்கம்.