கட்டைவிரலால் எழுதிய கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் இருக்கும் போனில் மின்னஞ்சல் பார்ப்பது இன்றைக்கு யாருக்கும் பெரிய விஷயமில்லை. 2004-இல் ஏர்டெல் நிறுவனம் பிளாக்பெர்ரி என்ற மின்னஞ்சல் போனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது நிலைமை வேறு. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராகப் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் இங்கே இருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று, ஆர்டர் கையெழுத்தாவதில் தொடங்கி சரக்கு கப்பல் ஏறும் வரைக்கும் கவனிக்கிற வேலை அது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சின்னப் போன் எப்படி உழைத்தது, அதோடு வேலை செய்த பழக்கத்தில் இன்றும் எதை வைத்துக்கொள்ளலாம் என்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் காலை ஒன்பது மணிக்கு பையர் அலுவலகத்தில் வந்து உட்காரும்போது, குளிர்காலமாக இருந்தால், நமக்கு மதியம் ஒன்றரை. அவர் மாலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது நமக்கு இரவு பத்தரை. நியூயார்க் இன்னும் மோசம். அங்கே காலை என்றால் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். ஆக, முக்கியமான முடிவுகள் எல்லாம் நாம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போன பிறகுதான் வந்து சேரும்.

இதில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு லேப் டிப் ஒன்று போதும். பையர் ஒரு கலரைச் சொல்வார். சாயப்பட்டறையின் லேபில் அந்தக் கலருக்கு நெருக்கமாக ஏ, பி, சி என்று மூன்று ஷேடில் சின்னத் துண்டுகளாகச் சாயம் ஏற்றி, அட்டையில் ஒட்டி, கூரியரில் அனுப்புவோம். அவர் அதை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, கடை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் எழுதுவார். அந்தப் பதில் வரும் வரைக்கும் டன் கணக்கில் துணி பட்டறையில் காத்துக் கிடக்கும். இரவு பத்தேகாலுக்கு வந்த மெயிலை அப்போதே பார்த்தால், உடனே பட்டறைக்கு ஒரு போன். "மாஸ்டர், பி ஓகே ஆயிருச்சு. சிவப்பு மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்றாங்க. நைட்டே ஏத்திருங்க." வேலை முடிந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு அலுவலகம் வந்து பார்த்தால், அதற்குள் அந்த மிஷினில் வேறொருவர் துணி ஏறியிருக்கும். நம் துணி அடுத்த முறைக்காகக் காத்திருக்க வேண்டும். சாயத்தில் ஒரு நாள் போனால் கட்டிங்கில் போகும், தையலில் போகும், கடைசியில் கப்பல் போய்விடும். கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினால் அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். லாபம் மொத்தமும் அதில் கரைந்துவிடும்.

பிளாக்பெர்ரி வருவதற்கு முன்னால் வெளியூர் போனால் இதற்கு என்ன வழி? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், ஹோட்டல் அறையின் டெலிபோன் வயரைக் கழற்றி அதில் மாட்டி, டயல்-அப் இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஹோட்டலின் பிசினஸ் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார வேண்டும். நாளுக்கு இரண்டு தடவைதான் மெயில் பார்க்க முடியும். நடுவில் வந்தது எல்லாம் அங்கேயே கிடக்கும்.

பிளாக்பெர்ரியில் மெயில் தானாக வந்தது. நாம் போய்த் தேட வேண்டியதில்லை. நிறுவனத்தின் மெயில் சர்வரோடு இன்னொரு சர்வரை இணைத்துவிடுவார்கள். புது மெயில் வந்தவுடன் அந்த சர்வர் அதைச் சுருக்கி, மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி, பிளாக்பெர்ரியைத் தயாரித்த கனடா நிறுவனத்தின் மையக் கட்டமைப்பு வழியாக நம் போனுக்குத் தள்ளிவிடும். முதலில் கடிதத்தின் ஆரம்பப் பகுதி மட்டும்தான் வரும். கீழே படித்துக்கொண்டே போனால் மீதி வரும். இணைப்பாக வந்த எக்செல் கோப்பையும் முழுசாக இறக்காது. நாம் திறக்கச் சொன்னால், சர்வரே அதைச் சின்னத் திரைக்கு ஏற்றபடி மாற்றி, தேவையான பகுதியை மட்டும் அனுப்பும். படம் இல்லை, அலங்காரம் இல்லை. உடையின் அளவுகள் எழுதிய ஸ்பெக் ஷீட்டில் மார்புச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? அது கிடைத்துவிடும். ரோமிங்கில் கொஞ்சம் டேட்டாவுக்கே பில் பயமுறுத்திய அந்தக் காலத்தில் இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிய உதவி என்பது பயணம் போனவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சிக்கனம் அந்த நிறுவனத்தின் பிறப்பிலேயே இருந்தது. கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984-இல் மைக் லசாரிடிஸும் டக்ளஸ் ஃப்ரெகினும் தொடங்கிய ரிசர்ச் இன் மோஷன், பேஜர் மாதிரி இருந்த முதல் பிளாக்பெர்ரியை 1999-இல் வெளியிட்டது. அதில் பேச முடியாது, மெயில் மட்டும்தான். கடையில் கிடைக்கும் ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரியில் அது ஓடியது. அது பயன்படுத்திய மோபிடெக்ஸ் என்ற கம்பியில்லா நெட்வொர்க்கின் வேகம் விநாடிக்கு 8,000 பிட் மட்டுமே. அந்த ஒற்றையடிப் பாதையில் கடிதம் போய்ச் சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் கணக்குப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் செல்போன் இணைப்புகள் திணறிப்போயின. தனிப் பாதையில் போன பிளாக்பெர்ரி செய்திகள் போய்க்கொண்டிருந்தன. அதைக் கண்ட பிறகுதான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினர்களுக்கு இந்தக் கருவியை வழங்கியது. பேசும் வசதி 2002-இல்தான் சேர்ந்தது.

இப்போது விசைப்பலகைக்கு வருகிறேன். இதில் எனக்குத் தீராத பிரியம் உண்டு. கையடக்கக் கருவியில் பத்து விரலும் வேண்டாம், பிடித்திருக்கும் இரண்டு கட்டைவிரல்களே போதும் என்று லசாரிடிஸ் முன்பே புரிந்துகொண்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனிப் பொத்தான் மேடாக இருக்கும். பார்க்காமலே விரல் அதன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆரம்ப மாடல்களில் வலது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கட்டைவிரலால் உருட்டினால் கடிதங்கள் நகரும், அழுத்தினால் திறக்கும். 2006-இல் பேர்ல் என்ற மாடல் வந்தபோது சக்கரத்துக்குப் பதில் நடுவில் ஓர் உருண்டை வந்தது. கடிதங்களைப் பார்க்கும்போது டி-யை அழுத்தினால் பட்டியலின் மேலே போகும், பி-யை அழுத்தினால் அடிக்குப் போகும், ஆர் என்றால் பதில், எஃப் என்றால் மற்றவருக்கு அனுப்புவது, சி என்றால் புதுக் கடிதம். இடைவெளிப் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் முற்றுப்புள்ளி விழுந்து அடுத்த எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகிவிடும். அடிக்கடி எழுதும் வாக்கியத்துக்கு இரண்டு எழுத்தில் ஒரு குறி வைத்துவிட்டால் முழு வாக்கியமும் வந்து நிற்கும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதில் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைய கண்ணாடித் திரையில் அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

பயணத்தில் இன்னொரு நல்ல குணம் உண்டு. விமானத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு வந்த கடிதங்களை எல்லாம் படித்துப் பதில் எழுதிக்கொண்டே போகலாம். எழுதிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடிகாரக் குறி நிற்கும். இறங்கி ரேடியோவைப் போட்டதும் வரிசையாக டிக் விழும். இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போதே அன்றைய பாதி வேலை முடிந்துவிடும். நாட்டுக்கு நாடு சிக்கலும் இல்லாமல் இல்லை. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நம் ஊரில் இருந்த ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறை கிடையாது என்பதால் 3ஜி வசதி இல்லாத மாடலை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. அமெரிக்காவில் அலைவரிசையே வேறு. நான்கு அலைவரிசையும் எடுக்கும் செட்டா என்று கேட்டுத்தான் வாங்குவோம்.

அப்புறம், எழுதும் முறை. என் மனசில் இதுதான் முக்கியமான விஷயம். சின்னத் திரை, சின்னப் பொத்தான், படிப்பவரும் எங்கேயோ ரயிலில் போய்க்கொண்டிருப்பவர். அதனால் கடிதம் தானாகச் சுருங்கியது. தலைப்பில் முதலில் ஆர்டர் நம்பர், அப்புறம் விஷயம். உள்ளே முதல் வரியில் முடிவு. நாங்கள் எழுதிய கடிதம் இப்படி இருக்கும்: "பி ஷேட் சரி என்று எடுத்துக்கொண்டோம். இன்று இரவு சாயம் ஏறுகிறது. ப்ரொடக்‌ஷன் சாம்பிள் வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம். சைஸ் லேபிளுக்கு நாளைக்குள் உங்கள் பதில் வேண்டும்." நான்கே வரி. என்ன முடிந்தது, என்ன நடக்கிறது, என்ன வரும், என்ன வேண்டும் என எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. அடியில் 'பிளாக்பெர்ரியிலிருந்து அனுப்பப்பட்டது' என்று தானாக ஒரு வரி வரும். அதைப் பார்த்ததும் ஆள் வெளியே இருக்கிறார், சுருக்கத்தை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பையர் புரிந்துகொள்வார். விரிவாக எழுத வேண்டியதிருந்தால், "பார்த்துவிட்டேன், மாலைக்குள் முழுப் பதில் தருகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுவோம். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பணத்தையும் பேரையும் நம்மை நம்பி ஒப்படைத்தவருக்கு அந்த ஒரு வரி கொடுக்கும் நிம்மதி பெரிது. ஆர்டர் திரும்பத் திரும்ப வருவதற்கு விலை ஒரு காரணம் என்றால் இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கடிதங்கள் பூட்டிப் போவதால் அரசாங்கங்களோடு உரசல் வந்தது. நிறுவன சர்வருக்கும் போனுக்கும் இடையில் உள்ள பூட்டின் சாவி தன்னிடமே இல்லை என்று ரிசர்ச் இன் மோஷன் சொன்னது. இந்திய அரசு கண்காணிக்க வழி கேட்டு 2010 ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்து, பிறகு நீட்டித்தது. ஐக்கிய அரபு அமீரகம் அந்த வருஷம் அக்டோபர் 11 முதல் பிளாக்பெர்ரி சேவைகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வந்துபோகும் பயணிகளுக்கும் சேர்த்துத்தான். துபாயில் விமானம் மாறி ஐரோப்பா போகும் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்! கடைசி நேரத்தில் அந்தத் தடை கைவிடப்பட்டது.

எல்லாம் ஒரே மையம் வழியாகப் போவதில் உள்ள ஆபத்து 2011 அக்டோபர் 10-ஆம் தேதி தெரிந்தது. இங்கிலாந்தின் ஸ்லௌ நகரில் இருந்த டேட்டா சென்டரில் முக்கியமான ஒரு ஸ்விட்ச் பழுதானது. அதற்கு மாற்றாக வைத்திருந்த ஏற்பாடும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பல இடங்களில் கடிதங்கள் நின்றுபோயின. தேங்கிய கடிதங்களின் சுமை வட அமெரிக்காவையும் தொட்டது. 13-ஆம் தேதிதான் நிலைமை சரியானது. வெளிநாட்டில் இருக்கும்போது ஒரே வழியை மட்டும் நம்பக் கூடாது, பையரின் நேரடி நம்பரும் ஃபேக்டரி நம்பரும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பதை ஜூனியர்களுக்கு அந்த வாரத்தை உதாரணம் காட்டித்தான் சொல்லிக்கொடுப்போம்.

இந்தக் கருவி வீட்டுக்குள் கொண்டுவந்த தொந்தரவையும் சொல்லியே ஆக வேண்டும். புது மெயில் வந்ததற்கு அடையாளமாகப் போனில் சிவப்பு விளக்கு மினுக்கினால் கை தானாகப் போகும். சாப்பாட்டு மேஜையிலும் போகும், கல்யாண வீட்டிலும் போகும். இதைத் தனி மனிதரின் கட்டுப்பாட்டுக்கு விட்டுவிட முடியாது என்று நான் நினைக்கிறேன். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011 கடைசியில் தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஜெர்மனியில் அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ஊழியர்களுக்கு வேலை முடிந்த அரை மணி நேரத்தில் பிளாக்பெர்ரிக்கு மெயில் போவதைச் சர்வரே நிறுத்திவிடும். மறுநாள் வேலை தொடங்க அரை மணி நேரம் முன்புதான் மறுபடி அனுப்பும். பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டமாகவே இருக்கிறது. நம் தொழிலில் பையரின் மாலைதான் நம் இரவு. அதனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் முறை வைக்க முடியும். இன்றிரவு ஒருவர், நாளை இரவு ஒருவர். மற்றவர் போனில் மெயில் ஓசை அணைந்திருக்கும். பையருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும். நல்ல பையர்கள் யாரும் மறுத்ததில்லை.

2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு பழைய பிளாக்பெர்ரி மாடல்களுக்கான சேவைகளை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. இன்று எந்த சாதாரண போனும் அதைவிடப் பல மடங்கு வேலை செய்யும். வெளிநாடு கிளம்பும் இளைஞர்கள் அந்தப் பழைய ஒழுங்கை இதிலேயே அமைத்துக்கொள்ளலாம். தொழில் மெயிலுக்கு மட்டும் ஓசை வையுங்கள், மற்ற அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். ரோமிங்கில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். நடக்கும் ஆர்டர்களின் ஸ்பெக் ஷீட், பேக்கிங் லிஸ்ட் இரண்டையும் கிளம்பும் முன்பே போனில் இறக்கி வையுங்கள், விமானத்தில் நெட் இல்லாமல் திறக்கும். எழுதும்போது ஆர்டர் நம்பரையும் முடிவையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.