அப்பாவோட சேத்தக் ஸ்கூட்டரைத் திரும்ப ஓட வைக்கணுமா?

வணக்கம் மக்களே. பின்னாடி நிக்குறது பஜாஜ் சேத்தக். 1972-ல வந்த வண்டி, 145 சிசி, டூ ஸ்ட்ரோக். சின்ன வயசுல முன்னாடி ஃபுட்போர்டுல நின்னுட்டே போனவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்பீங்க. அப்பா அதுல பண்ணின ஒவ்வொரு சேட்டைக்கும் காரணம் இருக்கு.

வண்டியைச் சாய்ப்பாரே, ஏன்? டேங்க்ல கொஞ்சமா பெட்ரோல் இருந்தா, ஓரத்துல தேங்குனது பெட்ரோல் டேப் (டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோலைத் திறந்து மூடுற குழாய்) பக்கம் ஓடி வரும். கார்பரேட்டருக்குள்ள இருக்கிறதும் சாஞ்சு மிக்ஸிங் ரிச் ஆகும், அதாவது காத்தை விட பெட்ரோல் கூடும், சோக் இழுத்த மாதிரி. ராத்திரி டேப்பை மூடுறது? கார்பரேட்டருக்குள்ள பெட்ரோலை நிறுத்துற ஊசி, அதாவது ஃப்ளோட் நீடில் தேஞ்சிருந்தா பெட்ரோல் சொட்டுச் சொட்டா எஞ்சினோட அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள்ள இறங்கிடும். காலையில எத்தனை கிக் அடிச்சாலும் பிளக் நனைஞ்சே வரும். டேப்பை மூடி, பிளக்கைக் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கிட்டு நாலஞ்சு கிக் அடிங்க. பிளக்கைத் தொடச்சு 0.6 மி.மீ. கேப் வெச்சு மாட்டுங்க, போதும்.

அப்போ பங்க்ல பெட்ரோலோட ஆயில் கலந்து குடுத்தது 2 சதவீதம். 5 லிட்டருக்கு 100 மி.லி. 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில். கூட ஊத்தினா நல்லதுன்னு நினைக்காதீங்க, பிளக்கும் சைலன்சரும் கரி அடைக்கும். குறைஞ்சா பிஸ்டன் சீஸ், அதாவது சூட்டுல இறுகி நின்னுடும். இந்த எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோட சேர்ந்துதான் போகும். அதனால குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற மாதிரி நீள இறக்கத்துல, கியர்ல விட்டு ஆக்சிலேட்டரை மூடியே வெச்சா பிஸ்டன் காய்ஞ்சிடும். நடு நடுவுல லேசா முறுக்கி விடணும்.

வருஷக்கணக்கா ஷெட்ல கெடந்த வண்டின்னா எடுத்தவுடனே கிக் அடிக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு, ஃப்ளைவீலைக் கையால சுத்திப் பாருங்க. பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி கார்பரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டையான ஜெட்டை அடைச்சிருக்கும், ஜெட்டுல கம்பி விடாம காத்தடிச்சுச் சுத்தம் பண்ணுங்க. பாயிண்ட் (பிளக்குக்கு ஸ்பார்க் வர வைக்கிற காண்டாக்ட்) வெச்ச பழைய மாடல்னா பாயிண்டைத் தேய்ச்சு 0.4 மி.மீ. கேப் வைங்க.

இவ்வளவும் பண்ணி ஸ்டார்ட் ஆகி, ஐடிலிங் நிக்காம தானா ரேஸ் ஆகுதா? ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீல் போச்சு, காத்து இழுக்குது. அப்படியே ஓட்டினா சீஸ்தான். வெள்ளையா புகை தள்ளிட்டே இருந்து கியர் ஆயிலும் குறையுதா? கிளட்ச் பக்கத்து சீல். சும்மா கெடந்தாலே ரப்பர் விறைச்சுப் போகும், அதனால எஞ்சினைப் பிரிச்சா ரெண்டையும் சேர்த்தே மாத்திடுங்க. சீல் விலை கம்மி, பிரிக்கிற கூலிதான் ஜாஸ்தி.

வீல் ரெண்டு பாதி ரிம்மைச் சேர்த்து முடுக்கினது. வீலை டிரம்ல பிடிச்சிருக்கிற நட்டு வேற, ரிம்மைச் சேர்க்கிற நட்டு வேற. காத்தை முழுசா இறக்காம ரெண்டாவதைத் தொட்டா ரிம் தெறிச்சு முகத்துல அடிக்கும்.

செலவுல இறங்குறதுக்கு முன்னாடி ஆர்சி புக்கைத் தேடுங்க. 15 வருஷம் தாண்டின வண்டி, ரெனியூ பண்ணாம ரோட்டுல எடுக்க முடியாது. சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புக்கோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. எஞ்சின் மாத்திப் புக்குல ஏத்தாத வண்டி நிறைய இருக்கு.